பழைய தோட்ட மெஷினும் சின்ன எஞ்சினும்: கேள்வி பதில்

கேள்வி நெறைய வந்துருக்கு, ஒரே மாதிரி உள்ளதை ஒண்ணா சேத்துட்டேன். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிடுறேன், ஏன்னா பாதி கேள்விக்கு பதில் இதுலயே இருக்கு. பழைய மெஷின் கைக்கு வந்ததும் எல்லாத்தையும் கழட்டிப் போட்டு பெயிண்ட் அடிக்கத்தான் கை துறுதுறுங்கும். அதை செய்யாதீங்க. முதல்ல எஞ்சினை ஓட வைங்க, பெயிண்ட் பத்தி அப்புறம் யோசிக்கலாம். கழட்டிப் போட்டு அப்படியே பாதில நின்னு போன மெஷின்தான் உலகத்துல அதிகம், அதுல முக்கால்வாசி கழட்டாமலே ஓடியிருக்க வேண்டியது.

கேள்வி: அண்ணா, இந்த வேலைக்கு நான் புதுசு. எந்த மெஷின்ல ஆரம்பிக்கலாம்?

ஒத்தை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், சைடு வால்வு (வால்வு ஹெட்டுல இல்லாம சிலிண்டர் பக்கத்துல இருக்குறது) எஞ்சின் போட்ட புல் வெட்டுற மெஷின் எடுங்க தம்பி. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன்னு அமெரிக்க கம்பெனியோட எஞ்சின் இருந்தா ரொம்ப நல்லது. 1953ல அலுமினிய எஞ்சின் கொண்டு வந்தாங்க, அதுலேர்ந்து எக்கச்சக்கமா தயாரிச்சதால பார்ட்ஸும் கையேடும் இன்னிக்கும் கிடைக்குது. வாங்கும்போது எத்தனை வருஷம் பழசுன்னு பாக்காதீங்க, எல்லா பார்ட்டும் இருக்கான்னு பாருங்க. ஓடாத எஞ்சின் பரவாயில்ல, துரு பரவாயில்ல, ஆனா கார்புரேட்டர் காணோம், ஃபேன் மூடி காணோம்னா அந்த ஒரு பார்ட்டைத் தேடியே வெறுத்துப் போயிடுவீங்க. அட்கோ கம்பெனி மெஷின், வில்லியர்ஸ் கம்பெனி எஞ்சின் போட்ட மெஷின்னு பழைய பிரிட்டிஷ் மெஷின்லாம் பாக்க அவ்ளோ அழகு, எனக்கும் அதுதான் உசுரு, ஆனா அதை ரெண்டாவதா எடுத்துக்கங்க.

கேள்வி: எஞ்சின் எந்த வருஷம்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பிரிக்ஸ்ல ஃபேன் மூடி மேல மாடல், டைப், கோடுன்னு மூணு நம்பர் குத்தியிருக்கும். கோடு நம்பர்ல முதல் ரெண்டு எண் வருஷம், அடுத்த ரெண்டு மாசம், அதுக்கடுத்த ரெண்டு தேதி. 680512ன்னு ஆரம்பிச்சா 1968 மே 12 அன்னிக்கு செஞ்ச எஞ்சின். மாடல் நம்பரோட ஆரம்ப எண் கன இஞ்ச் கொள்ளளவு, 8ன்னு ஆரம்பிக்கிற அஞ்சு இலக்க நம்பர்னா 8 கன இஞ்ச், சுமார் 130 சிசி. ஆனா அந்த மூடியை யாரோ வேற எஞ்சின்லேர்ந்து மாத்தி போட்டுருக்கலாம், அதையும் மனசுல வச்சுக்கங்க. மூணு நம்பரையும் எழுதி வச்சுட்டுத்தான் பார்ட்ஸ் தேடணும்.

கேள்வி: சார், பல வருஷம் கெடந்த எஞ்சின், ஜாம் ஆகி சுத்தவே மாட்டேங்குது. சுத்தியல் போடலாமா?

சுத்தியலை எடுத்து தூர வைங்க சார். முதல்ல ஜாம் ஆனது எஞ்சின்தானான்னு பாக்கணும். பிளேடு எதுலயாவது மாட்டியிருக்கலாம், டில்லரா இருந்தா கியர் பாக்ஸ் இறுகியிருக்கலாம், கயிறு இழுக்குற ஸ்டார்ட்டர்ல இருக்குற கிளட்ச் துரு புடிச்சிருக்கலாம். எஞ்சினைத் தனியா பிரிச்சு சுத்திப் பாத்தாதான் தெரியும்.

எஞ்சினேதான்னா பிளக்கைக் கழட்டி டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. சைடு வால்வு எஞ்சின்ல இது ஒரு பெரிய வசதி, ஹெட்டுல சில போல்ட்டுதான், அதை எடுத்தா பிஸ்டனும் ரெண்டு வால்வும் கண்ணுக்கு நேரா நிக்கும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து பிஸ்டன் மேல ஊத்தி விட்டுடுங்க, அசிட்டோன் சீக்கிரம் ஆவியாகும், தீப்பிடிக்கும், அதனால பக்கத்துல நெருப்பு கூடாது. வத்த வத்த ஊத்துங்க. நாள் கணக்குல ஆகும், வாரம் கூட ஆகும், அதுல அவசரப்பட்டு ஒண்ணும் நடக்காது. தினம் ஒரு தடவை ஃப்ளைவீல் நட்டுல ஸ்பானர் போட்டு ரெண்டு பக்கமும் மெதுவா அசைச்சுப் பாருங்க. மயிரிழை அசைஞ்சா போதும், ஜெயிச்சாச்சு, அதுக்கப்புறம் முன்ன பின்ன அசைச்சு அசைச்சே விட வைக்கணும்.

தட்டித்தான் ஆகணும்னா கட்டையான மரத்துண்டு வச்சு பிஸ்டனை கீழ்ப்பக்கமா மெதுவா தட்டலாம், ஆனா பிஸ்டன் பாதி வழில நின்னா மட்டும்தான். உச்சியிலயோ அடியிலயோ நின்னா கனெக்டிங் ராடும் கிராங்க்கும் ஒரே நேர்க்கோட்டுல இருக்கும், நீங்க தட்டுற அடி முழுக்க ராடுலயும் பேரிங்குலயும் இறங்குமே தவிர கிராங்க் சுத்தாது. விட்டதும் உடனே ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. சிலிண்டர் சுவரைத் துடைச்சு, ஆயில் விட்டு கையால சுத்தி, நகத்துல மாட்டுற மாதிரி குழி இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் மேல போங்க.

கேள்வி: பிளக்ல கரண்டே வரல. காயில் போயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, புது காயில் வாங்கிடவா?

காயில், அதாவது பிளக்குக்கு கரண்ட் உண்டாக்குற கம்பிச்சுருள், அதைப் பாக்குறது கடைசி. என்கிட்ட கரண்ட் வரலன்னு கேக்குறவங்கள்ல ரொம்ப பேருக்கு காயில் நல்லாத்தான் இருக்கும். வரிசையா போங்க. புது பிளக் ஒண்ணு மாட்டி எஞ்சின் உலோகத்துல ஒட்ட வச்சு கயிறை இழுத்துப் பாருங்க, பிளக் ஓட்டையில துணி அடைச்சுட்டு இதை செய்யணும், உள்ளேர்ந்து பெட்ரோல் ஆவி வந்து பக்குனு பிடிக்கும். வரலன்னா எஞ்சினை நிறுத்துற வயரை காயில்லேர்ந்து கழட்டிட்டு மறுபடி பாருங்க. அந்த ஒரு வயர் எங்கயாவது உரிஞ்சு பாடில ஷார்ட் ஆகியிருந்தாலே எஞ்சின் செத்த மாதிரி கெடக்கும், இதை யாரும் பாக்கறதே இல்ல.

அடுத்தது பாயிண்ட், அதாவது காயில்ல ஓடுற கரண்டை விட்டு விட்டு துண்டிக்கிற சின்ன சுவிட்ச். பழைய எஞ்சின்ல ஃப்ளைவீலுக்கு அடியில இருக்கும். ஓட்டாம கெடந்தா பாயிண்ட் முனையில ஒரு மெல்லிய படலம் வரும், கண்ணுக்கு பளபளன்னு சுத்தமா தெரியும் ஆனா கரண்ட் போகாது. நைசான உப்புத்தாள்ல ரெண்டு இழுப்பு, அப்புறம் வெள்ளை அட்டையை நடுவுல விட்டு கறை வர்றது நிக்கிற வரைக்கும் இழுக்கணும், விரல் எண்ணெய் கூட படக்கூடாது. பிரிக்ஸ்ல கேப் 0.020 இஞ்ச், அதாவது அரை மில்லிமீட்டர். பாயிண்ட் தீப்பொறில கருகாம காக்குற கண்டென்சரை அப்படியே புதுசா மாத்திடுங்க. காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவுல கால் மில்லிமீட்டரை ஒட்டி இடைவெளி வேணும், ரெண்டு முகத்துலயும் துரு இருந்தா தேய்ச்சு எடுங்க.

ஃப்ளைவீலைக் கழட்ட புல்லர்தான் (இழுத்துக் கழட்டுற டூல்), துடுப்புல கம்பி விட்டு நெம்பினா உடையும், அது கிடைக்கிறது கஷ்டம். வில்லியர்ஸ்ல நடு நட்டே புல்லர் வேலையும் செய்யும், முதல்ல லூசாகி கொஞ்ச தூரத்துல மறுபடி டைட் ஆகும், மரை கெட்டுப் போச்சுன்னு பயப்படாதீங்க, அந்த டைட்டைத் தாண்டினா ஃப்ளைவீல் தானா வெளிய வரும். பாயிண்ட் தொல்லையே வேணாம்னா, பிரிக்ஸ் 1982ல மேக்னட்ரான்னு எலக்ட்ரானிக் இக்னிஷன் கொண்டு வந்தாங்க, அதை பழைய எஞ்சின் பலதுல மாட்டலாம். ஓட்டத்தான் மெஷின்னா தாராளமா மாட்டுங்க, அசலா வச்சுக்கணும்னா பாயிண்ட்டே இருக்கட்டும்.

கேள்வி: கரண்ட் இருக்கு, பெட்ரோல் வருது, கம்ப்ரெஷனும் இருக்கு, ஆனா ஸ்டார்ட் ஆகாம கயிறை கையோட பிடுங்குது. ஏன்?

ஃப்ளைவீல் கீயைப் பாருங்க, ஃப்ளைவீலை கிராங்க் தண்டுல நகராம நிறுத்துற சின்ன உலோகத் துண்டு அது. பிளேடு கல்லுல அடிச்சப்ப அந்தக் குட்டி கீ பாதி வெட்டுப்பட்டு ஃப்ளைவீல் லேசா நகர்ந்திருக்கும், டைமிங் மாறி தப்பான நேரத்துல நெருப்பு வரும். பிரிக்ஸ்ல அந்த கீ மெத்துன்னு இருக்குறதே கிராங்க்கை காப்பாத்தத்தான். அதை இரும்புல கடைஞ்சு போடுற ஆளுங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம்.

கேள்வி: அண்ணா, கார்புரேட்டரை கழுவி கழுவி பாத்துட்டேன், பெட்ரோல் வழிஞ்சுகிட்டே இருக்கு. கார்க் மிதவை உள்ள மாடல்.

கார்க் மேல பூசியிருக்குறது பெரும்பாலும் ஷெல்லாக்ங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, எத்தனால் ஷெல்லாக்கை கரைச்சுடும், கார்க் பெட்ரோலைக் குடிச்சு கனமாகி மிதக்காம போயிடும், ஊசி வால்வு மூடாது, வழியும். நல்லா காய வச்சு எத்தனால் தாங்குற பூச்சு பூசணும், இல்லைன்னா புது மிதவை. மிதவை சரின்னா ஊசியும் அது உக்காருற இடமும் பாருங்க. இன்னொண்ணு, பழைய கார்புரேட்டர் பலதும் துத்தநாகக் கலவை வார்ப்பு, வினிகர்ல சிட்ரிக் ஆசிட்ல ராத்திரி முழுக்க ஊற வச்சா அரிச்சுடும். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்னுடும். கார்புரேட்டர் கிளீனர், மெல்லிய செம்பு கம்பி இழை, காத்து, இது போதும். பெட்ரோல் அளவா போற ஜெட் ஓட்டையில இரும்புக் கம்பி விடாதீங்க, துளை பெரிசானா எஞ்சின் சீரா ஓடவே ஓடாது.

கேள்வி: டேங்க் உள்ள ஒரே துரு.

சிட்ரிக் ஆசிட் கரைசலும் ஒரு கை நிறைய நட்டும் போட்டு குலுக்குங்க, கழுவுங்க, சமையல் சோடா தண்ணில ஒரு தடவை அலசுங்க, உடனே சூடு காத்துல காய வச்சு உள்ள லேசா ஆயில் படலம் விட்டுடுங்க. தாமதிச்சா அரை மணியில மறுபடி துரு. ஓட்டை இருந்தா வெல்டிங் பக்கமே போகாதீங்க, காலி டேங்க்ல இருக்குற ஆவி வெடிக்கும், கழுவின டேங்க்கூட நம்பக்கூடாது.

கேள்வி: மத்த இரும்பு பார்ட்டுக்கு கரண்ட் விட்டு துரு எடுக்கலாம்னு சொல்றாங்களே?

நல்ல முறை. வாஷிங் சோடா கலந்த தண்ணி, 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். பார்ட்டுல நெகட்டிவ், பலி கொடுக்குற சாதா இரும்புல பாசிட்டிவ். அந்த இடத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது, விஷமான குரோமியம் கரைசல்ல வரும். உப்பும் போடாதீங்க, குளோரின் வரும். நுரைச்சு வர்றது ஹைட்ரஜன், திறந்த வெளியில வைங்க. அலுமினியம், துத்தநாக பார்ட்டை இதுல போட்டா போச்சு.

கேள்வி: பெயிண்ட் அடிக்கலாமா, பழசாவே விடலாமா? ரெண்டு பேரு ரெண்டு விதமா சொல்றாங்க.

என் முடிவு, அசல் பெயிண்ட் பாதிக்கு மேல இருந்தா விட்டுடுங்க. புது பெயிண்ட் எப்ப வேணா அடிக்கலாம், அசலை ஒரு தடவை சுரண்டிட்டா திரும்ப வராது. மண்ணெண்ணெய்ல துடைச்சு, சோப்புத் தண்ணில கழுவி, லேசா மெழுகு போட்டுப் பாருங்க, அழுக்குக்கு அடியில அந்தப் பச்சையும் பழைய எழுத்தும் வெளிய வர்றப்ப அப்படி ஒரு சந்தோஷம். அடிச்சே ஆகணும்னா ஸ்டிக்கர், எழுத்து எல்லாத்தையும் அளவுகோல் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்துட்டு சுரண்டுங்க. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும்னே வச்சுக்கங்க, காஞ்ச தூசி பறக்க தேய்க்காம தண்ணி விட்டுத் தேய்ங்க, மாஸ்க் போடுங்க. பழைய கேஸ்கெட், பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதையும் நனைச்சுதான் எடுக்கணும்.

கேள்வி: எந்த ஸ்பானரும் சரியா உக்கார மாட்டேங்குது. பழைய பிரிட்டிஷ் மெஷின்.

அது விட்வொர்த், பழைய பிரிட்டிஷ் போல்ட் சைஸ் முறை. மில்லிமீட்டர் ஸ்பானர் போட்டு மூலையை வழிக்காதீங்க. மரையோட கோணமே 55 டிகிரி, இப்ப வர்ற போல்ட் 60, சிலது ஏறுற மாதிரி ஏறி மரையைக் கெடுத்துடும். விட்வொர்த் ஸ்பானர் செட் ஒண்ணு வாங்கிடுங்க.

கேள்வி: டில்லர் கியர் பாக்ஸ்ல என்ன ஆயில்?

உள்ள வெண்கலப் பல்சக்கரம் இருக்கான்னு முதல்ல பாருங்க. வார்ம் கியர்னா (திருகு மாதிரி தண்டு பல்சக்கரத்தை சுத்துறது) பெரும்பாலும் இருக்கும். அப்ப டப்பாவுல ஜிஎல்-5னு தரம் போட்ட கியர் ஆயிலைத் தவிருங்க, அதுல இருக்குற கந்தகச் சேர்க்கை வெண்கலத்தை அரிக்கும். கையேட்டுல சொன்ன தடிமன்ல ஜிஎல்-4 ஆயிலோ வார்ம் கியர் ஆயிலோ ஊத்துங்க.

கேள்வி: கவர்னரை டைட் பண்ணி ஸ்பீடு ஏத்தலாமா?

கூடாது. கவர்னர் எஞ்சின் வேகம் எல்லை மீறாம பாத்துக்குற அமைப்பு, நிமிஷத்துக்கு 3600 சுத்துக்கு மேல போக வேண்டிய எஞ்சின் இல்ல அது. அலுமினிய கனெக்டிங் ராடு உடைஞ்சா கிராங்க் கேஸைப் பிளந்துட்டு வெளிய வரும், பிளேடு பத்தி தனியா சொல்லவே வேணாம்.

கேள்வி: உருளை பிளேடு மெஷின் புல்லை வெட்டாம மடக்குது. சாணை பிடிக்க எங்க கொடுக்குறது?

கொடுக்குறதுக்கு முன்னாடி நீங்களே செய்யலாம்ங்க. எட்வின் பட்டிங் 1830ல இங்கிலாந்துல கண்டுபிடிச்ச அந்த முதல் மெஷின்லேர்ந்து தத்துவம் மாறல, சுத்துற பிளேடும் அடியில நிக்கிற பிளேடும் கத்திரிக்கோல் மாதிரி உரசி வெட்டுது. பிளேடுல வால்வு தேய்க்கிற பேஸ்ட்டைத் தடவி உருளையை பின்பக்கமா சுத்துங்க, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தேய்ஞ்சு பொருந்தும். கழுவிட்டு அடி பிளேடை கொஞ்சம் கொஞ்சமா நெருக்கி, பேப்பர் துண்டு ஒண்ணை ஒவ்வொரு இடமா விட்டு வெட்டிப் பாருங்க, ஒரு முனையிலேர்ந்து மறு முனை வரைக்கும் சுத்தமா வெட்டணும். பிளேடை சுத்துறப்ப குச்சியோ பிரஷ்ஷோதான் பேஸ்ட்டுக்கு, விரல் கிடையாது, கை தடிமனான க்ளவுஸ்குள்ள இருக்கணும்.

கேள்வி: அண்ணா, என் பொண்ணுக்கு 11 வயசு, கூட உக்காந்து வேலை செய்யணும்னு அடம். விடலாமா?

கண்டிப்பா விடுங்கம்மா. கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுக்குறது, போல்ட்டை டப்பாவுல போட்டு பேர் எழுதுறது, சோப்புத் தண்ணில கழுவுறது, பாயிண்ட் கேப்பை கேஜ் வச்சு அளக்குறது, இதெல்லாம் அவளே செய்யட்டும், பெரியவங்களை விட பிள்ளைங்க இதுல கவனமா இருப்பாங்க. பெட்ரோல், பிளேடு, ஆசிட், ஓடுற எஞ்சின் நாலும் உங்களோட வேலை. மூடின ஷெட்டுக்குள்ள எஞ்சினை ஓட்டாதீங்க, புகைல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேள்வி: ஓட வச்சாச்சு! அடுத்த ஆறு மாசம் ஓட்ட மாட்டேன், எப்படி வைக்கிறது?

வாழ்த்துக்கள். டேங்க்கைக் காலி பண்ணிட்டு கார்புரேட்டர்ல மிச்சம் உள்ளது தீர்ற வரைக்கும் ஓட்டுங்க. எஞ்சின் சூடா இருக்கும்போதே பழைய ஆயிலை இறக்கி புதுசு விடுங்க. பிளக்கைக் கழட்டி ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு ரெண்டு மூணு தடவை மெதுவா சுத்தி பிளக்கை மாட்டிடுங்க, அப்புறம் கம்ப்ரெஷன் இறுகுற இடம் வரைக்கும் கயிறை மெதுவா இழுத்து அங்கயே நிறுத்துங்க, ரெண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக் காத்து உள்ள போகாது. பிளக் வயரை மட்டும் மாட்டாம விட்டுருங்க.