1999 வாக்கில் காசில்லாத ஒரு டிடிபி (கணினியில் அச்சுப்பக்கம் அமைத்துத் தரும்) கடைக்காரர் தமிழ்ச் செய்தித்தளம் நடத்தி மேலே வந்திருக்க முடியுமா?

கேட்டவர் நம் பாலக்காட்டு எல்லையில் தமிழர் இருக்கும் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துக்காரர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கேள்விக்கு எல்லோரும் உடனே ராஜேஷ் ஜெயினைத்தான் சொல்வார்கள். 1995 மார்ச்சில் இந்தியாவேர்ல்ட் என்ற இணையதளத்தைத் தொடங்கினார், 1999 நவம்பரில் அதைச் சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 499 கோடி ரூபாய்க்கு வாங்கியது. சரிதான், ஆனால் அவர் பம்பாய் ஐஐடி, பிறகு கொலம்பியா. ரெடிஃப் தளத்தைத் தொடங்கிய அஜித் பாலகிருஷ்ணன் கண்ணூர்க்காரர். அவரும் கல்கத்தா ஐஐஎம் முடித்து, விளம்பர நிறுவனம் நடத்திய பிறகுதான் இணையத்துக்கு வந்தார். அவர்கள் உழைப்பைக் குறைத்துப் பேசவில்லை, சண்டைக்கு வராதீர்கள். கடை வாடகைக்கே திண்டாடுகிறவருக்கு அவர்கள் வழி பொருந்தாது, அவ்வளவுதான்.

என் பதில்: தொடங்கியிருக்கலாம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் என்று பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடித்துக்கொண்டிருந்தவருக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். கவிழ்த்தது முதலீடு இல்லை, எழுத்துரு.

கடையில் இருந்த தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. வாசகர் கணினியில் அதே எழுத்துரு இல்லையென்றால் வெறும் கிறுக்கல்தான் தெரியும். 'இறக்கிக்கொள்ளுங்கள்' என்று போட்டால் பிரௌசிங் சென்டர்காரர் விடமாட்டார். அதனால் மைக்ரோசாஃப்டின் வெஃப்ட் கருவியில் போட்டு, இஓடி என்ற எழுத்துருக் கோப்பாக்கிப் பக்கத்தோடு கட்டி அனுப்ப வேண்டும். அது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவிக்கு மட்டும். இன்னொரு உலாவியான நெட்ஸ்கேப் 4-க்குத் தனியாகப் பிஎஃப்ஆர் என்ற எழுத்துருக் கோப்பு. இஓடி செய்யும்போது தள முகவரியையும் அதில் பதிக்க வேண்டும். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று என இரண்டையும் கொடுக்காவிட்டால் பாதி வாசகர்களுக்குக் கிறுக்கல்தான். இன்னொன்று, எழுத்துரு அட்டவணையில் 173-ஆம் இடம். உலாவிகள் அதைக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடாக எடுத்துக்கொள்ளும். உங்கள் எழுத்துருவில் அந்த இடத்தில் எந்த எழுத்து இருக்கிறதோ அது பக்கம் முழுக்கக் காணாமல் போகும்.

'அப்போதே யூனிகோடு இருந்ததே' என்று ஒருவர் வருவார். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் அந்தப் பொது முறை இருந்தது, 1991-லிருந்தே. கடைகளில் ஓடிய விண்டோஸ் 98 அதைத் தானாகக் காட்டாது. லதா என்ற தமிழ் யூனிகோடு எழுத்துருவோடு வந்தது விண்டோஸ் 2000.

அடுத்தது போன் லைன். போன் லைனில் இணையம் தரும் 33.6 கேபிபிஎஸ் மோடத்தில் நொடிக்கு மூன்று, நான்கு கேபி கிடைத்தால் அதிர்ஷ்டம். மழைக்காலத்தில் கேபிள் ஜாயின்ட்டில் ஈரம் இறங்கினால் அதுவும் இல்லை. ஆகவே முதல் பக்கம் படத்தோடு சேர்த்து 40 கேபி தாண்டக்கூடாது. பத்திரிகைப் பழக்கத்தில் அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐ நுணுக்கத்தில் ஸ்கேன் செய்தவர்கள் தளம் திறக்கவே திறக்காது. 200 பிக்சல் அகலம், தரம் 50 வைத்த ஜேபெக் போதும். எல்லாவற்றையும் லைன் போடாமலே முடித்துவிட்டு ஏற்றுவதற்கு மட்டும் இணைக்க வேண்டும். ஒரே பெரிய கோப்பாக ஏற்றினால் நடுவில் யாராவது எக்ஸ்டென்ஷன் ரிசீவரை எடுத்ததும் மொத்தமும் போச்சு. சின்னச் சின்னக் கோப்பாக ஏற்றுவது நல்லது. படத்தையும் எழுத்துருவையும் எஃப்டிபியில் (கோப்புகளைத் தளத்துக்கு ஏற்றும் வழி) பைனரி முறையில் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுப்போகும்.

டொமைன், அதாவது தளப் பெயர், வாங்க அப்போது டாலர் கார்டு வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் அதற்கு இருந்த வழி கல்ஃபில் இருக்கும் மச்சான். அவர் கார்டு, அவர் மின்னஞ்சல். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவருக்குத்தான் போகும். அவர் வேலை மாறி அந்த மின்னஞ்சல் செத்துவிட்டால் தளப் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்வார். பதிவில் நிர்வாகத் தொடர்பு என்ற இடத்திலாவது கடைக்காரர் தன் முகவரியைக் கொடுத்திருக்க வேண்டும்.

வருமானம் செய்தியிலிருந்து வராது. பாலக்காட்டு ஜவுளிக்கடைக்காரர் துபாயில் இருப்பவர் பார்க்கும் பேனருக்கு ஏன் காசு தரவேண்டும்? நகைக்கடைக்கும் லாட்ஜுக்கும் நர்சிங் ஹோமுக்கும் தளம் செய்து கொடுப்பதில்தான் காசு. செய்தித்தளம் அதற்கு விளம்பரப் பலகை. தளத்தில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2003-இலேயே வந்தது. தமிழ்ப் பக்கங்களுக்கு அது 2018-இல்தான் திறந்தது. பதினைந்து வருஷம்! தமிழில் தளம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் அதுவரை ஓசியில் எழுதினார்கள். இதையெல்லாம் தாங்கி எல்லைச் செய்தி எழுதினாலும் கோவைக்காரருக்கு நாம் கேரளா, பாலக்காட்டுக்காரருக்கு நாம் 'பாண்டி', அதாவது தமிழ்நாட்டுக்காரர். பஸ் போர்டில்கூட நமக்குப் புரிகிற எழுத்தைத் தேட வேண்டியிருக்கிறது. சரி, அது வேறு கதை.

அந்தக் காலத்துக் கோப்புகள் சிடியில் இருந்தால் இப்போதே வன்தட்டுக்கு மாற்றுங்கள், எழுத்துருக் கோப்போடு சேர்த்து. எழுத்துரு இல்லாத கோப்பு வெறும் குப்பை. பிறகு யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பை எழுத்துக்கு முன்னாலிருந்து பின்னால் தள்ள வேண்டும், ஒ-கார ஓ-காரங்களில் தனித்தனியாக நிற்கும் கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்க்க வேண்டும். ஔகாரத்தில் 'கௌரி' பெரும்பாலும் 'கெளரி' என்று ளகரத்தோடு வெளியே வரும். அதைக் கண்மூடி மொத்தமாக மாற்றினால் 'கெளுத்தி' 'கௌுத்தி' ஆகிவிடும். அந்த ஒரு இடத்தை மட்டும் உட்கார்ந்து கையால் பாருங்கள்.