ஒரே ஏரியை ஒரு வருஷமா எடுக்கிறேன், ஏன் சீரிஸ் ஆகல?

மாடியிலேருந்து தெரியுற ஏரியை ஒரு வருஷமா மொபைல்ல எடுக்கறேன், அழகான படம் நிறைய இருக்கு, ஆனா சேத்துப் பாத்தா எல்லாம் சேந்து ஒரே விஷயத்தைச் சொல்ற சீரிஸ் மாதிரி இல்ல, நல்ல கேமரா வாங்கணுமான்னு ஒரு வாசகி கேட்டிருக்காங்க.

கேமராவை அப்புறம் பாத்துக்கலாங்க. அந்த ஏரிகிட்ட நீங்க என்ன கேக்கறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

ஜப்பான் போட்டோகிராபர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980-ல கடல் படங்கள் எடுக்க ஆரம்பிச்சார், ஆதி மனுஷன் பாத்த அதே காட்சியை இன்னிக்கு நாம பாக்க முடியுமாங்கறதுதான் அவர் கேள்வி, அதனால கப்பல் கிடையாது, கரை கிடையாது, ஆள் கிடையாது, மேல பாதி வானம் கீழ பாதி தண்ணி, எல்லாம் கருப்பு வெள்ளை. எந்த நாட்டுக் கடலா இருந்தாலும் இதே கட்டுப்பாடுதான். அதனாலதான் அந்தப் படங்களை வரிசையா வெச்சா பனிக்கும் அலைக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கண்ணுல நிக்குது.

உங்க விஷயத்துக்கு ஜெம் சவுத்தம்ங்கற போட்டோகிராபர் இன்னும் கிட்ட வர்றார். இங்கிலாந்துல டெவன் பக்கம் அப்டன் பைன்னு ஒரு கிராமம், பழைய மாங்கனீசு சுரங்கப் பள்ளத்துல தேங்கின குட்டை ஒண்ணு அங்க இருக்கு, 1996-லேருந்து சில வருஷம் அதையே திரும்பத் திரும்பப் போய் எடுத்தார், மனுஷங்க கை பட்டு அந்த இடம் மாறுறது படத்துக்குப் படம் தெரியும். எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அது.

ஊட்டா பார்த்ங்கற போட்டோகிராபர் தன் வீட்டு ஜன்னலுக்கு வெளிய தெரியுற மரக்கிளையை வெச்சே, கண்ணு எப்படிப் பாக்குதுன்னு 2002-ல ஒரு சீரிஸ் பண்ணினாங்க. உங்க மாடி தாராளமா போதும்.

இப்ப செய்ய வேண்டியது. தண்ணி ஏறி இறங்குறதா, விடியற்காலை நிறமா, ஒண்ணை மட்டும் எடுத்துக்கோங்க. நிக்கற இடத்துல சாக்பீஸ்ல குறி போடுங்க, ஜூம் தொடாதீங்க. போன் கேமராவுல செட்டிங்கை நாமே மாத்தற ப்ரோ மோடு இருந்தா, வெளிச்சத்துக்கு ஏத்தபடி நிறத்தைச் சரி பண்ற வைட் பேலன்ஸை 5500 கெல்வின்ல, அதாவது பகல் வெளிச்ச அளவுல, வெச்சுப் பூட்டிடுங்க, இது ரொம்ப முக்கியம், ஏன்னா ஆட்டோல விட்டா மேகமூட்டத்தோட நீலத்தையும் சாயங்கால மஞ்சளையும் போனே சரி பண்ணி கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆக்கிடும், நீங்க காட்ட நெனச்ச வித்தியாசமே போயிடும்.

மாசம் ஒருதடவை சின்ன சைஸ்ல பிரிண்ட் போட்டுத் தரையில பரப்புங்க. கேள்விக்கு ஒட்டாத படத்தை, அது உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சூரியாஸ்தமனமா இருந்தாலும், தனியா எடுத்து வெச்சுடுங்க.