வாசகர் கேள்வி–பதில்: இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மூன்று நிமிடம்

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து 1999-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன் நான். எங்கள் பேட்ச் வரும் மே மாதம் அதே பள்ளியில் கூடுகிறது. ஒவ்வொருவரும் தம் வாழ்க்கை, வேலை, பொதுப்பணி ஆகியவற்றை மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டுமாம். துபாயிலும் பெங்களூருவிலும் பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்கு நடுவே, தென்னந்தோப்புகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் பதித்துக் கொடுக்கும் நான் எழுந்து என்ன சொல்வது? போகாமல் இருந்துவிடலாமா?
— கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: போங்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள இந்தச் சித்தூர்த் தாலுக்காவில் தமிழாசிரியனாக இருந்தவன் என்ற உரிமையில் இப்படிப்பட்ட கூட்டங்கள் பலவற்றில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். பதவியின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் சொல்லி, “இரண்டு பிள்ளைகள், பெரியவன் பி.டெக்.” என்று முடிப்பவர்களின் பேச்சு, மைக் அடுத்தவர் கைக்குப் போவதற்குள் மறந்துபோகிறது. எனக்கு நினைவில் நிற்பது ஒரு பெண்மணியின் பேச்சு. தமிழ் வழி எல்.பி. (தொடக்கப்) பள்ளி ஆசிரியர் பணிக்குக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையமான பி.எஸ்.சி. தனியாக அறிவிப்பு வெளியிடுகிறது என்பதே தமக்கு முப்பது வயதில்தான் தெரியவந்தது என்றும், கேரள ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட்டில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினேன் என்றும் அவர் சொன்னார். தண்ணீர் கொடுக்க வந்திருந்த பத்தாம் வகுப்புப் பெண்கள் மூவர், தட்டைக் கீழே வைத்துவிட்டு ‘கே-டெட்’ என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்கள்.

உங்கள் வேலையை ஐ.டி.ஐ.யில் ஓராண்டு பிளம்பர் படிப்பாகக் கற்றீர்களா, ஒருவரிடம் எடுபிடியாக நின்று கற்றீர்களா, முதல் தோப்பை நம்பி ஒப்படைத்தவர் யார், எந்த ஆண்டில் பணம் வராமல் திணறினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுடனான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி வர வேண்டிய தண்ணீர் எப்போது வரும் என்று ஆற்றையே பார்த்திருக்கும் சித்தூர்த் தாலுக்காவில், சொட்டுநீர் போட்டவனுக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றால் நான் நம்பமாட்டேன். பள்ளியின் குடிநீர்க் குழாய்களை ஒருநாள் சரிபார்த்துத் தருகிறேன் என்று சொல்ல முடிந்தால், பொதுப்பணி என்ற பகுதியும் முடிந்துவிடும். இன்னொன்று: தமிழிலேயே பேசுங்கள், மேடையில் ஏறியதும் பாதி மலையாளத்துக்கு மாறும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது.

கேள்வி: எங்கள் பேட்சின் வெள்ளிவிழா மலருக்குப் படிவம் அனுப்பினோம். படித்த பெண்களில் பாதிப்பேரின் முகவரியே கிடைக்கவில்லை. கிடைத்தவர்களும் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதி, மற்றவற்றை வெறுமையாக விட்டுவிட்டார்கள். என்ன செய்யலாம்?
— வண்ணாமடை வாசகி

பதில்: தலைமையாசிரியரின் அனுமதியோடு அட்மிஷன் ரிஜிஸ்டரைப் பாருங்கள். பெண்கள் பலர் எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப்பேட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போயிருப்பார்கள்; பெயருக்குப் பின்னால் கணவர் பெயரும் சேர்ந்திருக்கும். ஆகவே அவர்களைத் தேடுவதைவிட, ரிஜிஸ்டரில் உள்ள தகப்பனார் பெயரையும் வீட்டையும் பிடித்து அண்ணன் தம்பிகளைத் தேடுவது எளிது. பெயர்கள் மலையாளத்தில் எழுதப்பட்டிருந்தால் உரக்கப் படித்துப் பாருங்கள், ஆள் பிடிபடும்.

படிவத்தில்தான் பிழை இருக்கிறது. கேரள அரசின் பெண்கள் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீ 1998-இல் தொடங்கியது. உங்கள் பேட்ச் பள்ளியை விட்டு வெளியேறிய காலமும் ஏறக்குறைய அதுதான். அதன் அடிமட்டக் குழுவான அயல்கூட்டத்தில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்து, வாரந்தோறும் சேமிப்பை எண்ணி, கடன் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதி வந்தவர், ‘தொழில்’ என்ற சொல்லைப் பார்த்ததும் ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிடுகிறார். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ‘பள்ளியை விட்ட பிறகு எங்கே, எதுவரை படித்தீர்கள், ஏன் நின்றது, ஒரு நாளில் என்னென்ன வேலை செய்கிறீர்கள், யாருடைய கணக்கையாவது, கூட்டத்தையாவது நடத்தியிருக்கிறீர்களா’ என்று கேளுங்கள். எழுதத் தயங்குபவர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பட்டும். நீங்கள் எழுதி, அச்சுக்குப் போகுமுன் அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள். படங்களையும் அப்படியே சரிபாருங்கள். நான் மெய்ப்புப் பார்த்த ஒரு மலரில் இருவரின் படம் இடம் மாறி, பால் சொசைட்டிக்காரர் ராணுவ வீரராகிவிட்டார். இன்றும் கடைவீதியில் அவரை எல்லாரும் ‘மேஜர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கைப்பேசி எண்களை மட்டும், ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒப்புதல் பெறாமல் அச்சிடாதீர்கள்.

கேள்வி: முன்னாள் மாணவர்களாகச் சேர்ந்து பள்ளிக்கு நிதி திரட்டுகிறோம். இருவர் கத்தாரில் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர். மூவரின் பணத்தையும் பொருளாளரின் சொந்தக் கணக்கில் வாங்கலாமா?
— சித்தூர் வாசகர்

பதில்: சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்து, அதன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கலாம். சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த பகுதி என்பதால், இங்கே 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டப்படி பதிவு நடக்கும். பழைய மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பாலக்காட்டு நண்பர்கள் 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் படிவத்தைக் கொடுத்தால் குழம்பிவிடாதீர்கள்.

கத்தாரில் இருப்பவர்கள் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்து, தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் நண்பருடைய பணம், அவரிடம் ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியர்) அட்டை இருந்தாலும், 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டு நன்கொடைதான். மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் சங்கம் அதை வாங்க முடியாது. வேறொருவர் பெயரில் சுற்றி வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரைப் பொருளாளர் ஆக்காதீர்கள்.

சிங்கப்பூர் நண்பரிடம் பணத்துக்குப் பதிலாக நேரத்தைக் கேளுங்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேறும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. மனத்திறன் பகுதிக்குப் பயிற்சி கொடுக்கத்தான் பள்ளிகளில் ஆள் இல்லை. சனிக்கிழமை நமக்குக் காலை பத்து மணி என்றால் அவருக்குப் பகல் பன்னிரண்டரை. வீடியோ அழைப்பில் ஒரு மணி நேரம் வகுப்பெடுக்க எந்த அமைச்சகத்தின் அனுமதியும் வேண்டாம்.