1200 கலோரிதான் சாப்பிடுகிறேன், எடை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: வயது 38, உயரம் 157 செ.மீ., எடை 72 கிலோ. உட்கார்ந்து பார்க்கும் வேலை. நான்கு மாதமாக செல்போன் ஆப்பில் எழுதி, தினம் 1200 கலோரிக்குள் சாப்பிடுகிறேன். கணக்குப் போட சுலபம் என்பதால் பாதி நேரம் அளவு அச்சடித்த பாக்கெட் உணவுதான். முதல் மாதம் 2 கிலோ குறைந்தது. அதன் பிறகு அப்படியே நிற்கிறது. "கலோரியெல்லாம் எண்ணாதே, சுத்தமான சாப்பாடு சாப்பிட்டால் தானாகக் குறையும்" என்கிறார் என் நாத்தனார். பக்கத்துத் தெரு நியூட்ரிஷன் கிளப்பில் மெஷினில் ஏற்றிப் பார்த்து, "உங்கள் மெட்டபாலிசம் செத்துவிட்டது" என்று சொல்லி மாதம் 7500 ரூபாய்க்கு ஷேக் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். 2000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். எண்ணுவதா, நல்லதாகச் சாப்பிடுவதா? (சர்க்கரைக்குக் காலையில் ஒரு மாத்திரை போடுகிறேன். 11 மணி வாக்கில் கை நடுங்கும். நாலு பிஸ்கட் சாப்பிட்டால் சரியாகிவிடும்.)

வாசகி, ஈரோடு

பதில்: மீதி 5500 ரூபாயைக் கட்டாதீர்கள். அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் எழுதிய அந்த மாத்திரை விஷயம்தான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமானது. அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன், தவறாமல் படியுங்கள்.

கேட்ட கேள்விக்கு வருவோம். உடம்பு செலவழிப்பதைவிடக் குறைவாக உள்ளே போனால்தான் எடை குறையும். அது நாத்தனாருக்கும் பொருந்தும், சிறுதானியத்துக்கும் பொருந்தும். ஆனால் நீங்கள் எழுதி வைத்திருக்கும் 1200, உண்மையில் 1200 இல்லை.

உங்கள் வயது, உயரம், எடைக்கு நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்பு சுமார் 1350 கலோரி செலவழிக்கும். எழுந்து சமைத்து, பஸ் பிடித்து, வேலைக்குப் போய் வந்தால் 1700-ஐத் தாண்டும். நிஜமாகவே 1200-இல் நின்றிருந்தால் இந்த மூன்று மாதத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருக்க வேண்டும். நீங்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. எல்லோருக்கும் நடப்பதுதான். 1992-இல் அமெரிக்காவில், "1200-க்குக் கீழே சாப்பிட்டும் குறையவில்லை" என்று சொன்னவர்களையே கூட்டிவைத்து அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதில் கிட்டத்தட்ட பாதி அவர்கள் கணக்கில் ஏறவே இல்லை. அவர்களுடைய மெட்டபாலிசம், அதாவது உடம்பு கலோரியைச் செலவழிக்கும் வேகம், சரியாகத்தான் இருந்தது. கிளப்காரர் சொன்னபடி அது யாருக்கும் சாவதில்லை. எடை குறையும்போது செலவும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

எங்கே ஒழுகுகிறது? முதல் இடம் அரிசி. 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி. 100 கிராம் சாதம் 130. அரிசியாக அளந்து போட்டுவிட்டு ஆப்பில் 'சாதம்' என்ற வரியைத் தொட்டால் ஒரே வேளையில் 220 காணாமல் போகும். அடுத்து எண்ணெய். ஆப்புக்குத் தெரிந்த தோசை வேறு, உங்கள் கல்லில் ஓரமெல்லாம் எண்ணெய் விட்டு முறுகலாக எடுக்கும் தோசை வேறு. இட்லிப் பொடியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றுகிறோமே, அதில் இரண்டு டீஸ்பூன் என்றால் 80 கலோரி. ஒரு இட்லியைவிட அதிகம். இட்லியை எழுதியிருப்பீர்கள், குழியை எழுதியிருக்க மாட்டீர்கள். அப்புறம் பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசை, உப்புப் பார்க்க வாயில் போட்டது, விருந்தாளியோடு குடித்த இரண்டாவது காபி, "இன்றைக்கு ஒரு நாள்தானே" என்று ஆப்பையே திறக்காத ஞாயிற்றுக்கிழமை.

ஆப் எண்ணிக்கை மேல் எனக்கு இருக்கும் கோபமே வேறு. கணக்குக்குச் சுலபமான பொருளின் பக்கம் அது ஆளைத் தள்ளிவிடும். முருங்கைக்கீரைக் கூட்டில் கலோரி அச்சடித்திருக்காது, டயட் மிக்சர் பாக்கெட்டில் இருக்கும். எனவே கூட்டு போய் மிக்சர் வருகிறது. அந்த பாக்கெட் எண்ணையும் சரியாகப் படிக்கவிட மாட்டார்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் 'ஒரு சர்விங்கில் இவ்வளவுதான்' என்பார்கள். சர்விங் என்பது 20 கிராமோ 30 கிராமோ. 20 கிராமோடு மிக்சரை மூடி வைத்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பின்பக்கம் '100 கிராமுக்கு' என்ற வரியைப் பாருங்கள்.

சிலி நாட்டில் 2016-லிருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி அதிகமுள்ள பாக்கெட்டின் முகத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை இருக்கிறது. படிக்காதவருக்கும் புரியும். நம் நாட்டில் 2022-இல் நட்சத்திர மதிப்பீடு என்று ஒரு வரைவு போட்டார்கள். கெட்டதுக்கும் ஒன்றிரண்டு நட்சத்திரம் கிடைக்கும் திட்டம் அது. 2025-இல் உச்ச நீதிமன்றம் இதை முடித்துவைக்க மூன்று மாதக் கெடு வைத்தது, கெடுவை நீட்டித்து வாங்கினார்கள். அந்த விதி வரும்வரை கண்ணாடி போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படிப்பது உங்கள் தலையெழுத்து.

சரி, அப்படியானால் நாத்தனார் சொல்வது சரியா? பாதி சரி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேரை நான்கு வாரம் அங்கேயே தங்கவைத்துச் சோறு போட்டார்கள். இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் வகை உணவு, இரண்டு வாரம் சமையலறையில் சமைத்த சாதாரண உணவு. பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். பாக்கெட் வாரங்களில் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. எடையும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைய ஏறியது. சமைத்த உணவில் அதே அளவு இறங்கியது. மென்று தின்ன வேண்டிய சாப்பாடு நேரம் எடுக்கும், வயிறு நிறைந்தது தெரியும். மிக்சர் அப்படி இல்லை.

2018-இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கொழுப்பு குறைவு, இன்னொன்றுக்கு மாவுச்சத்து குறைவு. யாரையும் கலோரி எண்ணச் சொல்லவில்லை. நிறையக் காய்கறி, சர்க்கரையும் மைதாவும் வேண்டாம், முடிந்தவரை வீட்டில் சமையுங்கள் என்றது இரு பிரிவுக்கும் பொது. இரண்டிலும் சராசரியாக 5 முதல் 6 கிலோ குறைந்தது. தரம் நன்றாக இருந்தால் அளவு தானாகவே கொஞ்சம் அடங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நாத்தனார் பிசகுவது 'சுத்தமான' என்ற இடத்தில். செக்கு எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான், ரீஃபைண்டும் 9 கலோரிதான். நாட்டுச் சர்க்கரைக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம், அதனால் நல்லது. ஆனால் தினையும் அரிசியும் கலோரியில் ஏறக்குறைய ஒன்றுதான். தினைப் பொங்கலில் நெய்யும் முந்திரியும் மிதந்தால் அது பொங்கல்தான், மருந்தல்ல. வேர்க்கடலை 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஒரு கைப்பிடி போதும், டப்பாவோடு டிவி முன்னால் உட்காரக் கூடாது. 'எடை குறைக்கும் லட்டு' என்று இணையத்தில் விற்பவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

ஆகவே ஆப்பை அழித்துவிடுங்கள். எல்லாவற்றையும் எண்ண வேண்டாம், முக்கியமானதை மட்டும் அளந்தால் போதும்.

எண்ணெயை வேளைக்கு வேளை அளக்க முடியாது, மாதக் கணக்காக அளங்கள். நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் 5 லிட்டர் வாங்கினால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 38 கிராம் வருகிறது. அதுவே 340 கலோரி. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி 2000 கலோரி தட்டுக்குச் சொல்வது 27 கிராம். மூன்றரை லிட்டருக்கு இறக்கினால் அந்த அளவுக்கு வந்துவிடும், யாருக்கும் பசிக்காமலே ஆளுக்கு நூறு கலோரி போய்விடும். மாதத் தொடக்கத்தில் மூன்றரை லிட்டரை மட்டும் அடுப்பங்கரைக்குள் வையுங்கள். 25-ஆம் தேதி தீர்ந்தால் அடுத்த மாதம் கை தானாகச் சுருங்கும்.

சாதத்துக்கு ஒரே கிண்ணம். தினமும் அதே கிண்ணம், தட்டில் ஒரு முறை கவிழ்த்ததோடு சரி. அதே அளவு காய், அப்புறம் முட்டையோ சுண்டலோ மீனோ கெட்டிப் பருப்போ ஏதாவது ஒன்று வேளை தவறாமல். ரசஞ்சாதமும் அப்பளமும் என்று முடிகிற இரவுச் சாப்பாட்டுக்குப் பத்து மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். காபியில் சர்க்கரையை விட்டுவிடுங்கள். எடையை வாரத்துக்கு ஒரு முறை காலையில் பாருங்கள். மாதவிடாய்க்கு முன்னால் நீர் கோத்து ஒரு கிலோ ஏறிக் காட்டும், அதற்கு அழ வேண்டாம். இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

இனி கிளப். அந்த மெஷின் பாதத்தின் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, உடம்பில் இருக்கும் நீரை வைத்துக் கொழுப்பை ஊகிக்கிறது. தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஒன்று சொல்லும், வியர்த்துவிட்டு ஏறினால் வேறொன்று சொல்லும். 'உங்கள் உடம்புக்கு வயது 54' என்று வருவது உயரம், எடை, வயதை ஒரு சூத்திரத்தில் போட்டு எடுத்த எண். மெட்டபாலிசத்தை அந்த மெஷின் அளப்பதே இல்லை. ஷேக் குடித்து எடை குறையாதா? குறையும். இரண்டு வேளைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் குடித்தால் எதைக் குடித்தாலும் குறையும். டப்பா தீர்ந்த பிறகு எப்படிச் சாப்பிடுவது என்று மட்டும் அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை, சொல்லித் தந்தால் அடுத்த டப்பா விற்காது. உங்களுக்கு அறிவுரை சொன்ன 'கோச்', சில மாதம் முன்னால் உங்களைப் போலவே முன்பணம் கட்டியவராக இருப்பார். இன்னும் சில மாதத்தில் உங்களையும் கோச் ஆகச் சொல்வார்கள்.

இவர்களைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்பீர்கள். துணை மருத்துவத் தொழில்களுக்கென்று 2021-இல் தேசிய ஆணையச் சட்டம் வந்தது, ஊட்டச்சத்து நிபுணர்களும் அதில் அடக்கம். ஆனால் இன்றைக்கும் நாலு நாள் ஆன்லைன் வகுப்புச் சான்றிதழை லேமினேட் செய்து மாட்டிக்கொண்டு 'டயட்டீஷியன்' என்று போர்டு வைப்பவரை ஒருவரும் கேட்பதில்லை. இப்படிக் கடை இல்லாமல் ஆள்மூலம் நடக்கும் நேரடி விற்பனைக்கும் 2021-லேயே விதிகள் வந்தன. உங்கள் முன்பணத்தை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். ரசீதோ ஜிபே பதிவோ கையில் இருக்கட்டும். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அந்த எண்ணைச் சொன்னதுமே பல இடத்தில் பணம் வந்துவிடுகிறது.

இனி மாத்திரை. மேலே சொன்னதெல்லாம் செய்வதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். அட்டையைத் திருப்பி, பிராண்டு பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் சங்கதி வேறு. பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக இருந்தால் அது கூட்டு மாத்திரையாகவும் இருக்கலாம், அப்படியானால் உள்ளே இரண்டு மருந்து இருக்கும். இரண்டையும் படியுங்கள்.

இந்த மூன்றும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். காலை டிபனைப் பாதியாக்கிய ஒருவருக்கு 11 மணிக்குக் கை நடுங்குகிறது, பிஸ்கட் சாப்பிட்டால் சரியாகிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். அடுத்த முறை நடுங்கும்போது குளுக்கோமீட்டரில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். பிஸ்கட்டும் சாக்லெட்டும் அந்த நேரத்துக்கு உடனடியாக உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். வியர்த்துக் கொட்டினாலோ, பார்வை மங்கினாலோ, பேச்சு குழறினாலோ வண்டி ஓட்டாதீர்கள், தனியாகவும் இருக்காதீர்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. இந்த வாரமே டாக்டரிடம் போய், "சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன், 11 மணிக்கு இப்படி ஆகிறது, டோஸ் மாற்ற வேண்டுமா" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பும் இடமாக இருந்தால் மீட்டர் எண்களைத் தாளில் எழுதி முதலிலேயே நீட்டிவிடுங்கள், பேசுவதைவிட அது வேலை செய்யும். இன்னொன்றும் கேளுங்கள்: இந்த வகை மாத்திரைகளே எடையைக் கொஞ்சம் ஏற்றக்கூடியவை, எடை ஏற்றாத மருந்துக்கு மாற வழி இருக்கிறதா என்று. டோஸ் சரியானால் அந்த நாலு பிஸ்கட்டுக்கும் தேவை இருக்காது. ஒரு நாளைக்கு நூறு கலோரிக்கு மேல் அதிலேயே போய்விடும்.