திருகோணமலையில் ஏப்ரல் மாதம் நிழல் காணாமல் போவது ஏன்?

சூரியன் நேர் தலைக்கு மேலே வருவதைத்தான் உச்சம் கொடுப்பது என்கிறோம். பூமியின் அச்சு 23.5 பாகை சரிந்திருப்பதால், உச்சம் கொடுக்கும் இடம் ஆண்டு முழுவதும் பூமத்திய ரேகைக்கு அந்த அளவுக்கு வடக்கும் தெற்குமாக நகர்கிறது. திருகோணமலை வடக்கே சுமார் 8.6 பாகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 12, 13 வாக்கில் ஒருமுறை, திரும்பும்போது ஆகஸ்ட் கடைசியில் இன்னொருமுறை.

டச் பே கடற்கரையில் ஒரு தடியை நேராக நட்டுப் பாருங்கள். பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். மாணவர்கள் தவறவிடக் கூடாத காட்சி!

சரி, வெயில் ஏன் இப்படிச் சுடுகிறது? டோர்ச்சைச் சுவரில் நேராக அடித்தால் பளிச்சென்ற சிறு வட்டம். சரித்தால் வெளிச்சம் பரவி மங்கிவிடும். சூரிய ஒளியும் அப்படித்தான்: உச்சத்தின்போது நேராக விழுவதால் பரவாமல் ஒரே இடத்தில் சுடுகிறது.

சூரியன் அப்போது கிட்ட வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில்.