1,700 வெள்ளி எந்தப் பக்கத்தில்?

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் பீடோரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்காக, ஒரே நாளில் வந்த மூன்று மொழி நாளிதழ்களின் செய்திகளைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினேன். ஒன்றில் முதல் பக்கத்தில் இருந்த செய்தி இன்னொன்றில் உள்ளே ஒரு மூலையில் கிடந்தது. மற்றொன்றில் இல்லவே இல்லை. “எது டீச்சர் உண்மை?” என்று ஒரு மாணவன் கேட்டான். என்ன சொல்வது?

வாசகி, பீடோர்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

மூன்றுமே உண்மையாக இருக்கலாம் என்று அவனிடம் சொல்லுங்கள். எந்த இதழ் யாரை எதிரில் உட்காரவைத்துப் பேசுகிறது என்பதே பார்க்க வேண்டியது.

2024 அக்டோபர் 18ஆம் நாள், பிரதமர் அன்வார் இப்ராஹிம் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தபோது, குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 1,700 வெள்ளியாக உயரும் என்று அறிவித்தார். மறுநாள் சனிக்கிழமை காலை, சுங்கை சிப்புட்டில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் ஒட்டுக்கடையில், ஆங்கிலம், மலாய், தமிழ் என மூன்று நாளிதழ்களை மேசையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் வாங்கிய ஆங்கில இதழ் அந்த 200 வெள்ளியை முதலாளிகள் தாங்க வேண்டிய கூடுதல் செலவாகப் பேசியது. மலாய் இதழின் முகப்பை உதவித்தொகையும் பெட்ரோல் மானியமும் பிடித்துக்கொண்டன. தமிழ் இதழின் தலைப்போ, ஆண்டுதோறும் நாம் பார்க்கும் அதே கேள்விதான்: இந்தியர்களுக்கு எவ்வளவு ஒதுக்கீடு? சம்பள உயர்வு உள்பக்கத்தில், ஒரு தலைவரின் நன்றி அறிக்கைக்குக் கீழே இருந்தது.

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவருக்கும் தொழிற்சாலைப் பேருந்துக்காக விடியற்காலையில் காத்து நிற்கிற பெண்ணுக்கும், எந்த ஒதுக்கீட்டையும்விட அந்த 200 வெள்ளிதான் நேராகக் கைக்கு வரக்கூடியது. அவர்களை இந்தியர்களாக நன்றாகவே அறிந்த தமிழ் இதழ், தொழிலாளர்கள் என்பதை மறந்துவிட்டது. எனக்கு அன்று வந்த வருத்தம் அதனால்தான். ஆங்கில இதழிடம் நான் அதை எதிர்பார்க்கவே இல்லை.

வினைச்சொல்லையும் மாணவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘சம்பளம் உயர்கிறது’ என்று எழுதினால், மழை பெய்வதைப் போல அது தானாக நடக்கிறது. ‘பிரதமர் உயர்த்தினார்’ என்றால் அது கொடையாகிவிடுகிறது. ‘முதலாளிகள் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்’ என்றால் சுமையாகிறது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு ஆறு மாத அவகாசம் உண்டு என்ற விவரம், பெரிய தலைப்புகள் எதிலும் இல்லை. நான் உட்கார்ந்திருந்த கடையில் தட்டுக் கழுவும் அம்மாவுக்குத் தேவைப்பட்ட செய்தி அதுதான். மற்றவர்களுக்கு 2025 பிப்ரவரியில் வந்த உயர்வு, அவருக்கு ஆகஸ்டில்தான் வர வேண்டியிருந்தது.

மூன்று இதழ்களிலும் ஒருசேர இல்லாத செய்திகளைக் கண்டுபிடிப்பது கடினம். 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றே இங்கே நாளிதழ் நடத்த முடியும். 1987இல் தி ஸ்டார் (ஆங்கிலம்), சின் சியூ (சீனம்), வத்தான் (மலாய்) ஆகிய மூன்று இதழ்களின் உரிமமும் பறிக்கப்பட்டது. ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்கும் கட்டாயம் 2012இல் நீங்கியபோதும், அந்தக் காலத்தில் படிந்த எச்சரிக்கை ஆசிரியர்களின் கையை விட்டு அவ்வளவு எளிதில் போகவில்லை என்றே நினைக்கிறேன்.

தமிழ் இதழ்களைக் குறைசொல்லும்போது அவற்றின் வறுமையையும் சொல்ல வேண்டும். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019இல் நின்றுபோனது. எல்லா ஊருக்கும் நிருபரை அனுப்ப வசதியில்லாத இதழ், நிகழ்ச்சி நடத்தியவரே எழுதி அனுப்பும் செய்தியையும் படத்தையும் போடுகிறது. அதனால்தான் இத்தனை பொன்னாடைகள். (நானும் ஒன்றைப் போர்த்திக்கொண்டு அச்சேறியிருக்கிறேன்.) ஆனால் அந்த ஒட்டுக்கடைக்காரர் தினமும் முதலில் திருப்புவது நினைவஞ்சலிப் பக்கத்தைத்தான். துண்டாடி விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்ட ஒரு தோட்டத்தின் பெயர், அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டிய ஒருவரின் படத்துக்குக் கீழே இன்னும் அச்சாகிறது. வேறெந்த மொழி இதழும் கடைக்காரருக்கு அந்தச் செய்தியைத் தரப்போவதில்லை.

ஆகவே அடுத்த முறை செய்தியை மட்டும் கத்தரித்து ஒட்டாதீர்கள். பக்கத்தை முழுதாக, விளம்பரமும் நினைவஞ்சலியும் சேர்த்தே ஒட்டுங்கள். கத்தரித்துவிட்டால், எது மேலே இருந்தது, எது அதற்குக் கீழே இருந்தது என்பது அந்த மாணவனுக்குத் தெரியாமல் போய்விடும்.

அன்புடன்.