கட்டில் சத்தமிடுகிறதா? ஆணி அடிக்க விடாதீர்கள்

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய தேக்குக் கட்டில், புரண்டு படுத்தாலே கிரீச்சிடுகிறது. கைக்குழந்தை விழித்துக்கொள்கிறது. 'மரம் தளர்ந்துவிட்டது, இதைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுங்கள்' என்கிறார் கடைக்காரர். வீட்டிலேயே சரிசெய்ய முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். நல்ல தேக்கு நான்கு ஆண்டுகளில் தளராது, தளர்ந்திருப்பது இணைப்பு. மரம் கோடையில் காய்ந்து சுருங்கும், மழைக்காலத்தில் ஈரம் வாங்கி உப்பும். இதில் போல்ட்டின் பிடி குறைந்து மரத்தோடு மரம் உரசுகிறது.

மெத்தையை எடுத்துவிட்டு ஒவ்வொரு மூலையையும் ஆட்டிப் பாருங்கள். பிறகு குறுக்குப் பலகைகளைக் கையால் அழுத்துங்கள். பக்கச் சட்டம் காலோடு சேரும் இடத்தில் சத்தம் வந்தால், போல்ட்டைக் கழற்றி, உரசும் பரப்பில் மெழுகுவத்தியை நன்றாகத் தேய்த்து, வாஷர் போட்டு முடுக்குங்கள். பலகை சத்தமிட்டால் அதன் முனைகளுக்கு அடியில் தடித்த துணியோ ரப்பர் துண்டோ வையுங்கள். எண்ணெய் விடாதீர்கள், மரம் குடித்துவிடும், கறைதான் மிஞ்சும். திருகாணி பிடிக்காமல் சுற்றினால், மூங்கில் குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளைக்குள் செருகி, ஒரு நாள் காயவிட்டு முடுக்குங்கள்.

'இரண்டு ஆணி அடித்தால் தீர்ந்தது' என்று வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஆணி சில மாதங்களில் ஆடத் தொடங்கும், சட்டமும் பிளக்கும். வீடு மாறும்போது கட்டிலைக் கழற்றவும் முடியாது.

அதைவிட மோசம் இந்த 'எக்ஸ்சேஞ்ச்' பேச்சு. உங்கள் தேக்கை விறகு விலைக்கு எடுத்துக்கொண்டு, மரத்தூளை அழுத்திச் செய்த பலகைக்குத் தேக்கு நிறத் தாள் ஒட்டித் தலையில் கட்டுவார்கள். என்ன மரம் என்று பில்லில் எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள். உத்தரவாதம் என்று அட்டை தருகிறார்கள். ஒரு போல்ட்டை முடுக்க ஆள் அனுப்பச் சொன்னால் மட்டும் அது செல்லாது என்கிறார்கள். இதை ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கட்டிலுக்கு அடியில் மாவு போன்ற தூள் கொட்டுகிறதா? பலகையில் குண்டூசித் துளைகள் தெரிகின்றனவா? அப்படியானால் பூச்சி அரிக்கிறது, முடுக்கிப் பயனில்லை. தேக்கின் வைரத்தை, அதாவது நடுவில் இருக்கும் கெட்டியான பகுதியை, பூச்சி எளிதில் தொடாது, ஓரத்து வெளிர் பகுதியைத் தொடும். தேக்குக் கட்டில் என்றே விற்றாலும் குறுக்குப் பலகைகளை மலிவு மரத்தில் போட்டுவிடுவார்கள், அவைதான் முதலில் உளுத்துப்போகும். டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், தட்டிப் பாருங்கள், தூளைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். திரும்பவும் கொட்டினால் உளுத்த பலகைகளை அகற்றிவிட்டு, புதியவற்றை அளவெடுத்து அறுத்து வாங்குங்கள். அதற்கும் கட்டிலை மாற்றத் தேவையில்லை.